பை மண்ணும் செங்கற் சில்லும்

சென்ற மாதம் அலுவல் நிமித்தமாகப் பூலாம்பாடிக்குச் சென்றிருந்தபோது, தொட்டிச் செடி வளர்த்து விற்பனை செய்யும் பெண் அங்கத்தினர் சிலர் நம்மைச் சந்தித்து ஒரு விலைப்பட்டியலைக் காட்டினர். அயல்நாட்டிலிருந்து வரும் கனிமத் துகள்களின் பட்டியல் அது. அவர்களுள் ஒருவருடைய உறவினர் மலேசியாவிலிருந்து வந்தபோது, செந்நிற உருண்டைகள் நிறைந்த சிறு பை ஒன்றைக் கொணர்ந்தாராம். அதில் நட்ட இச்சிக் கன்று ஓராண்டில் பார்ப்பவர் வியக்கும்படி வேர் பிடித்துத் தழைத்திருக்கிறது. அதனையே மொத்தமாக வாங்குவதற்குச் சங்கத்தின் மூலம் கடன் பெற இயலுமா, அதற்கு நமது பரிந்துரை கிடைக்குமா என்பது அவர்கள் வினா.

கன்றை நாமும் பார்த்தோம். நன்றாகவே இருந்தது. எனினும் அந்தக் கொள்முதலுக்கு நாம் பரிந்துரை செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பதை அவர்களிடம் அரைமணி நேரத்தில் சொல்லி முடிக்க இயலவில்லை; ஆகவே இங்கே விரிவாக எழுதுகிறோம். இதே வினா அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்து நெசவாளர் குடும்பங்களிலிருந்தும் நமக்கு வந்துள்ளது. தறி ஓய்ந்திருக்கும் வேளைகளில் மாடியிலும் முற்றத்திலும் பூச்செடியும் குறுமரமும் வளர்த்துச் சில்லறைக் காசு பார்ப்போர் இப்போது பெருகி வருகின்றனர். அவர்கள் இடும் முதல் மிகச் சிறியது. அது வீணாகலாகாது.

முதலில் நமது பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் வேறொரு கிராமத்தில் இத்தகைய குழு ஒன்று தொடங்கியபோது, தொட்டியை எப்படி நிரப்புவது என்று நம்மைக் கேட்டனர். நாமும் எங்கோ படித்ததையும் எவரோ சொன்னதையும் நம்பி, "அடியில் நான்கு விரற்கடை உயரம் ஜல்லி போடுங்கள், நீர் வடியும், மேலே வயல் மண்ணும் எருவும் போடுங்கள்" என்று கூறினோம். வயல் மண் என்றால் அங்கே கரிசல். நாற்பது தொட்டிகள் நிரப்பப்பட்டன. கோடையில் யாதொரு குறையும் தோன்றவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்ததும் இலை மஞ்சளித்து உதிரத் தொடங்கியது. தை பிறப்பதற்குள் பாதிக்கு மேற்பட்ட செடிகள் வேரழுகி மாண்டன. கவிழ்த்துப் பார்த்தபோது, மண் களிம்பாக இறுகிக் கெட்ட முட்டை நாற்றம் வீசிற்று. அடியிலிருந்த ஜல்லியோ கழுவிவைத்தாற்போல் கிடந்தது. வயது முதிர்ந்த ஓர் அம்மையார், "ஐயா, பருத்தியை விளைவிக்கிற மண் ஒரு செம்பருத்தியை வளர்க்காதா?" என்று கேட்டார். அன்று நம்மிடம் விடை இல்லை.

விடையைப் பிறகு தேடிக் கற்றோம். அதனை நெசவாளர்க்கு விளக்குவது எளிது.

சாயம் தோய்த்த நூற்சிட்டம் ஒன்றை நீரில் அலசிக் கோலில் தொங்கவிடுங்கள். நீர் ஒழுகும், சிறிது நேரத்தில் சொட்டுவதும் நின்றுவிடும். அப்போது சிட்டத்தின் மேற்பகுதியைத் தொட்டால் ஈரம் குறைவு. அடிப்பகுதியைப் பிழிந்தால் மறுபடியும் நீர் வடியும். நூல்களின் இடுக்கு தன்னால் இயன்ற உயரத்துக்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலே நீர் எடை சேர்ந்தாலன்றி அதை விடுவதில்லை. இனி அதே சிட்டத்தை மடித்துக் குட்டையாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். அடியில் தேங்கும் ஈரத்தின் உயரம் ஏறக்குறைய முன்போலவே இருக்கும். ஆனால் சிட்டம் குட்டையானதால் அதன் பெரும்பகுதி நனைந்தே நிற்கும். தொட்டி மண்ணின் நிலை இதுவே. அடியில் துளை இருந்தாலும், துளைக்கு மேலே ஓர் ஈரப் படலம் தேங்கியே இருக்கும். தொட்டி எவ்வளவு தாழ்வோ, அவ்வளவுக்கு அப்படலம் வேரை மூழ்கடிக்கும். குறுமரத் தட்டுகள் நாலைந்து விரற்கடை ஆழமே உள்ளவை என்பதை இங்கே நினைவில் கொள்க.

அந்தப் படலத்தின் உயரம் மணியின் பருமனைப் பொறுத்தது. பருமணியாயின் இடுக்குகள் பெரியவை. படலம் மெல்லியதாக இருக்கும். நுண்மணலில் அது உயரும். களிமண்ணிலோ தொட்டியின் முழு உயரத்தையும் விஞ்சிவிடும். கரிசல் வயலில் பருத்தி செழிப்பதற்குக் காரணம், அங்கே மண்ணுக்குக் கீழே மண்ணே தொடர்ந்து இருப்பதுதான். நீர் ஆழத்துக்கு இழுக்கப்படுகிறது, வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் காற்றும் உட்புகுகிறது. நம் வட்டாரம் பருத்தி நிலம் என்பதற்கு வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் அமைந்திருப்பதே சான்று. ஒரு சாண் தொட்டிக்குள் அடைத்த கரிசலுக்கு இந்த ஆழம் இல்லை. நனைந்தால் உப்புகிறது, காய்ந்தால் சுருங்கித் தொட்டியின் விளிம்பை விட்டு விலகுகிறது. பிறகு ஊற்றும் நீர் அந்த இடைவெளி வழியே ஓடிவிட, நடுவேர் காய்கிறது. வேரும் மூச்சு விடுகிறது. உயிர்வளி காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். மூழ்கிய வேர் மூச்சடைத்துத்தான் சாகிறது.

அடியில் ஜல்லி போட்டதன் கேடும் இப்போது விளங்கும். 1959இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த கார்ட்னர் என்ற மண்ணியல் அறிஞர், கண்ணாடிச் சுவர் கொண்ட பெட்டிகளில் மண்ணடுக்குகளை அமைத்து, நீர் இறங்கும் விதத்தைத் திரைப்படமாக எடுத்துக் காட்டினார். நுண்ணிய மண்ணிலிருந்து அதன் கீழுள்ள பருமணி அடுக்குக்குள் நீர் உடனே இறங்குவதில்லை. மேலடுக்கின் அடிப்பகுதி நிறைந்து தளும்பிய பின்னரே இறங்குகிறது. அதாவது, நாம் போட்ட நான்கு விரற்கடை ஜல்லி ஈரப் படலத்தை நான்கு விரற்கடை மேலே தூக்கி வேரின் கழுத்துக்குக் கொண்டுவந்து வைத்தது. துளை அடைபடாதிருக்க ஒரு வலைத்துண்டு போதும். அடியில் ஜல்லி வேண்டவே வேண்டா. இதனை இன்றும் தோட்டக்கலை அறிந்தவர் என்று சொல்லிக்கொள்வோர் பலர் போதித்து வருவதால் அழுத்திச் சொல்கிறோம்.

நிற்க. செந்நிற உருண்டைக்கு வருவோம். அதன் பெயர் அகடாமா. கிழக்கு ஜப்பானில் கான்டோ சமவெளியின்மேல் படிந்த எரிமலைச் சாம்பல் காலப்போக்கில் களியாக மாறியதைத் தோண்டி, உலர்த்தி, சலித்துப் பையில் அடைக்கின்றனர். பெயருக்குச் சிவந்த உருண்டை என்பதே பொருள். கானுமா என்பது தோச்சிகி மாநிலத்தில் அதே பெயருடைய ஊரைச் சார்ந்து கிடைக்கும் மஞ்சள் நிறப் படிவு. புளிப்பு மண் விரும்பும் செடிகளுக்கு இடுவது. 1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்தில் தோக்கியோவை இழந்த குறுமரத் தொழிலாளர் சிலர் வடக்கே ஓமியா என்னுமிடத்தில் குடியேறி, 1925இல் தம் தொழிலுக்கென்றே ஒரு கிராமம் அமைத்தனர். நல்ல மண்ணும் நீரும் காற்றும் உள்ள இடமென்றே அதனைத் தேர்ந்தனர். அவர்கள் எங்கிருந்தும் மண்ணை இறக்குமதி செய்யவில்லை. காலடியில் கிடைத்ததைச் சலித்தனர். அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது சலிப்பதைத்தான் என்பது நமது கருத்து. பையை வாங்குவது அவர்களைப் பின்பற்றுவதாகாது.

அகடாமா தாழ்ந்த பொருள் என்று நாம் கூறவில்லை. அது நீரையும் உரச்சத்தையும் பிடித்து வைக்கும். மணிகளுக்கிடையே காற்றுக்கும் வழிவிடும். ஆனால் சில ஆண்டுகளில் நொறுங்கித் தூளாகும். தூளானபின் அது தரும் தொல்லை களிமண்ணின் தொல்லையே. அதற்குள் மாற்றி நடவேண்டும், மறுபடியும் பை வாங்க வேண்டும். போட்டி மரங்கள் வளர்ப்பவர் தம் கைப்பொருளில் வாங்கட்டும். கடன் வாங்கித் தொட்டிச் செடி விற்பவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

நம் மாவட்டங்களில் எரிமலைப் பொருள் கிடையாது. இங்கே இருப்பவை வேறு. மேற்கே பச்சைமலை அடிவாரம் தொட்டுப் பெரம்பலூர்ப் பக்கம் மிகத் தொன்மையான கடும்பாறை; கிழக்கே அரியலூர்ப் பக்கம் பழங்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவு. இடைப்பட்ட சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்மரம், 18 மீட்டர் நீளத்தில் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அதனை வெளியுலகுக்கு அறிவித்தார். மரம் கல்லான நாட்டில் கல்லில் மரம் வளர்க்க என்ன தடை என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். தடை ஒன்றுமில்லை, ஆனால் எந்தக் கல் என்று பார்க்க வேண்டும்.

நமது முதல் தேர்வு கல்லுமன்று. சுட்ட செங்கல்லின் சில்லு, அல்லது நாட்டு ஓட்டின் சில்லு. கருங்கல் தன்னுள் நீர் ஏற்பது மிகமிகக் குறைவு. அதன் மேற்புறம் நனைவதோடு சரி. செங்கல்லோ நீர் குடிக்கும். சாதாரணச் செங்கல் 24 மணி நேரம் நீரில் ஊறியபின் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீர் ஏற்கலாகாது என்று இந்தியத் தர நிறுவனம் விதித்திருக்கிறது. கட்டடக்காரருக்கு அது குறை. செடி வளர்ப்பவருக்கு அதுவே நலம். ஒரு கிலோ சில்லு தன்னுள் 150, 200 கிராம் நீரை வைத்துக்கொண்டு, மணிகளுக்கிடையே காற்றையும் விட்டுவைக்கும் என்றால், விலைகொடுத்து வாங்கும் உருண்டையிடம் நாம் எதிர்பார்ப்பதும் பெரும்பாலும் அதுதானே? சத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றலில் மட்டும் செங்கல் அகடாமாவுக்குக் குறைந்ததே. அதற்கு ஈடு எருவால் செய்துகொள்ளலாம்.

எல்லாச் செங்கல்லும் ஆகாது. வேகாத கல் நீரில் கரைந்து சேறாகும். உடைத்த சில்லில் ஒரு கைப்பிடியை வாளி நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, விரலால் நசுக்கிப் பாருங்கள். நசுங்கினால் அந்தச் சூளைக் கல் வேண்டா. மிகவும் வெந்து கண்ணாடிபோல் உருகிக் கறுத்த கல்லும் நீர் குடிக்காது. இடித்த வீட்டுக் கல்லாயின் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பையும் சிமெண்டுப் பூச்சையும் கொத்தி நீக்க வேண்டும். பழைய மாடித் தளத்தில் சுண்ணாம்போடு கலந்து இடித்துப் போட்ட செங்கல் ஜல்லியை அறவே தொடாதீர்கள்.

சுண்ணாம்பைப் பற்றி இவ்வளவு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்பு மிகுந்தால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் அதனை எடுக்க இயலாது. இளந்தளிர் வெளுத்து மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இட்லிப்பூச் செடியில் இது விரைவில் தெரியும். நம் கிணற்று நீரே பல ஊர்களில் உப்பும் சுண்ணமும் உடையது. அதன்மேல் தொட்டியிலும் சுண்ணாம்புக் கல்லைச் சேர்ப்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். ஆகையால் கல் சிப்ஸ் வாங்கும்போது எந்தக் குவாரிக் கல் என்று கேட்டு வாங்குக. ஐயமிருந்தால் சிறிது பொடித்து, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. கரிசலில் புரளும் சுக்கான் கல்லும் இவ்வாறே பொங்கும்.

கருங்கல் சிப்ஸை ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். தொட்டிக்கு எடையும் நிலைப்பும் தரும். எத்தனை ஆண்டானாலும் நொறுங்காது. 6 மில்லிமீட்டர் சிப்ஸ் என்று கேட்டால் கிரஷரில் கிடைக்கும். எம்.சாண்ட் நுண்ணியது, தூளும் உடையது, தொட்டியில் இறுகிவிடும். ஆற்று மணலும் தொட்டிக்கு நுண்ணியதே. அதனை எடுப்பதற்குள்ள கட்டுப்பாடுகளும் யாவரும் அறிந்தவை.

பெர்லைட், வெர்மிகுலைட் இரண்டும் சூட்டில் பொரித்த கனிமங்கள், நெற்பொரிபோல் இலேசானவை. பின்னது நம் மாநிலத்திலேயே திருப்பத்தூர் மாவட்டத்துச் சேவாத்தூரில் கிடைப்பது. விதை முளைக்கவைக்க வெர்மிகுலைட் நல்லது. நெடுநாள் தொட்டியில் அது நசுங்கிப் படிந்துவிடும். பெர்லைட் படியாது, ஆனால் நீர் ஊற்றும்போது மேலே மிதந்து வரும். மாடியின் வலுவில் ஐயமுள்ளவர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம். செங்கல்லும் கருங்கல்லும் கலந்த கலவை லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவுக்குக் குறையாது. பத்து லிட்டர்த் தொட்டி நூறு வைத்தால், நீரைச் சேர்க்காமலே ஒரு டன்னுக்கு மேல் பழைய மாடியின்மேல் ஏற்றுகிறோம் என்று பொருள். தொட்டிகளைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டும், நடுத்தளத்தில் குவிக்கலாகாது.

இனிக் கலவை. குறுமரத்துக்கு 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையுள்ள செங்கற் சில்லு மூன்று பங்கு, கருங்கல் சிப்ஸ் ஒரு பங்கு, நன்கு மக்கிய எருவோ மண்புழு உரமோ அரைப் பங்கு. அடீனியத்துக்கு எருவை இன்னும் குறைக்கலாம். செம்பருத்தி, ரோஜா, மல்லிகை போன்ற விற்பனைச் செடிகளுக்கு எருவும், உப்பு நீங்கக் கழுவிய மக்கிய தென்னைநார்க் கழிவும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். கருக்கிய உமி கிடைத்தால் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். வெந்து வெள்ளைச் சாம்பலாகிவிட்டதைச் சேர்க்காதீர்கள், அது காரமுடையது. இவை நமது அளவுகள். அவரவர் வெயிலுக்கும் நிழலுக்கும் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்க.

இந்த முறையில் ஒரு தொல்லை உண்டு; அதனை மறைத்தல் முறையன்று. கனிமக் கலவை விரைவில் உலரும். பங்குனி, சித்திரையில் நாள்தோறும் இருமுறை நீர் விட வேண்டிவரும். திருமணம், திருவிழா என்று இரண்டு நாள் வெளியூர் சென்றுவிட்டால் தட்டிலுள்ள மரம் கருகிவிடும். அப்படிச் செல்ல நேர்வோர் எருவின் பங்கைக் கூட்டுக, அல்லது அண்டை வீட்டாரிடம் சொல்லிச் செல்க. சத்தும் இக்கலவையில் தானாக இராது. கடலைப் பிண்ணாக்கையோ பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கையோ ஊறவைத்துப் புளித்த நீரை நன்றாக நீர்க்கவிட்டு, வாரம் ஒருமுறை ஊற்ற வேண்டும். மாதம் ஒருமுறை அடித்துளையில் தெளிந்த நீர் வரும்வரை வெறும் நீரை ஊற்றினால், கிணற்று உப்பும் உர உப்பும் கழுவப்பட்டுப் போகும்.

சங்கத்துக்கு நாம் சொல்வது இதுதான். பைகளுக்காகக் கடன் கொடுப்பதினும், 6, 3, ஒன்றரை மில்லிமீட்டர்க் கண் கொண்ட சல்லடைகள் மூன்றும், ஒரு தார்ப்பாயும், இரண்டு சுத்தியலும் பொதுவில் வாங்கி வைப்பது மேல். 6இல் தங்குவதை மறுபடி உடைக்கலாம். 3இல் தங்குவது குறுமரத்துக்கு. ஒன்றரையில் தங்குவது சிறு நாற்றுக்கு. அதற்கும் கீழே விழும் தூளைத் தொட்டியில் இடவே கூடாது. நடைபாதைக் குழிகளை நிரப்ப உதவும். உடைக்கும் முன்னும் சலிக்கும் முன்னும் நீர் தெளித்து நனைத்துக்கொள்ள வேண்டும், மூக்கை ஈரத்துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். கல்தூசு நுரையீரலில் படிந்தால் பின்னர் மருந்தில்லை. இந்த ஒன்றில் நிர்வாகக் குழுவினர் கண்டிப்பாக இருக்க வேண்டுகிறோம். கூலி குறைவென்று பெண்களே இவ்வேலைக்கு அமர்த்தப்படுகின்றனர்.

எந்தப் பொருளைக் கூட்டாக வாங்குவதாயினும், நமது சொல்லை நம்பியும் வாங்கவேண்டா. நமது யோசனையின் விலையை முன்னமே கண்டோம். பத்துத் தொட்டியில் பழைய மண், பத்துத் தொட்டியில் பை மண், பத்துத் தொட்டியில் சில்லுக் கலவை என்று ஒரே இனச் செடியை ஆடியில் நட்டு, தை வரை வைத்துப் பாருங்கள். அடைமழை ஒன்றை அது கடந்தாக வேண்டும். செத்தது எத்தனை, விற்றது எத்தனை, செலவு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அந்த நோட்டையே தீர்மானத்தோடு இணைத்துப் பொதுப்பேரவைக்கு வைக்கலாம். தணிக்கைக்கு வருபவரும் கேள்வி கேட்கமாட்டார்.

பூலாம்பாடிச் சகோதரிகள் இதற்கு இசைந்துள்ளனர். மலேசியாவிலிருந்து வந்த பையில் மீதமிருப்பதைப் பத்துத் தொட்டிக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். சல்லடைக்குச் சட்டம் செய்யத் தச்சரிடம் போக வேண்டுமோ என்று கேட்டனர். வேண்டுவதில்லை, கழித்துப் போட்ட தறிமரம் இரண்டடி இருந்தால் போதும், வலையை மடித்து ஆணி அடித்துவிடலாம்.